மைதீன் வாங்கிய சினிமா கேமரா

கோவில்பட்டியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மைதீன் கோபத்துக்குப் பேர்போனவர். படமெடுக்க உட்கார்ந்தவர் தலையைத் திருப்பினாலே வள்ளென்று விழுவார். மதுரையில் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று, சாவி கொடுத்தால் ஓடும் சினிமா கேமரா ஒன்றை வாங்கி வந்தார். தேறுமா என்று பார்க்க, கழுகுமலையில் மச்சான் வீட்டுக் கல்யாணத்தை அதில் எடுத்தார். பிலிமைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரவல் புரொஜெக்டரை வைத்து, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் படத்தை ஓட்டினார். மாப்பிள்ளை அசையவில்லை. பந்தலில் நின்ற அத்தனை பேரும் நட்டுவைத்த கல் மாதிரி நின்றார்கள்.

“பாவிப்பய ஏமாத்தி என் தலையில கட்டிட்டான்! சினிமாவா இது? ஒத்த போட்டோவ்லா ஒட்டிக்கிட்டு நிக்கி! இத பேரீச்சம்பழக்காரன்கூட வாங்க மாட்டான்!”

மனைவி நூருன்னிசா வேட்டியின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஒரு வெள்ளாடு, பந்தல்காலில் கட்டிய வாழையின் இலையை இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

“கேமராவுக்கு ஒரு கேடும் இல்ல. அன்னைக்கு ‘அசையாதீங்க, அசையாதீங்க’ன்னு தொண்ட கிழியக் கத்துனியளே, அந்த ஆடு ஒண்ணுதான் ஒங்க பேச்சக் கேக்கல.”