ஒரே நாய்க்கு இரண்டு சிப்

கால்நடை கிளினிக் சிஸ்டரிடம் நாய்க்கு சிப் போடப் போகிறவர்கள் அவசரம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். நாயின் அடையாள எண்ணைச் சுமக்கும் சிப் என்பது அரிசி மணி அளவுதான். இரு தோள்களுக்கும் நடுவே, தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவதற்கு மூன்று நொடிகூட ஆகாது. ஆனால் சிஸ்டர், போடுவதற்கு முன்னாலேயே, சிப்பின் எண்ணைப் படிக்கும் ரீடரால் நாயை மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்ப்பார். போட்டபின் ஒரு தடவை. நாய் அறையைச் சுற்றிவிட்டு வந்ததும் இன்னொரு தடவை. பதினைந்து இலக்கங்களையும் வாய்விட்டுப் படிப்பார். நாயின் சொந்தக்காரர் எண் அச்சிட்ட ஸ்டிக்கரைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் போனை நோண்டினால் மறுபடி முதலிலிருந்து.

"பரீட்சை நாய்க்கா, எனக்கா சிஸ்டர்?" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

"எனக்குத்தான்" என்பார்.

கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காரத்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் வாரம், நாய் பிடிக்கும் உதவியாளரை ஒரு நாய் கடித்துவிட, அந்த ஆள் போன திசை தெரியவில்லை. "யாராவது பிடிங்களேன்!" என்று டாக்டரம்மா உள்ளேயிருந்து கத்தினார். யாராவது என்றால் அங்கே இவர் ஒருவர்தான். அன்றைக்குப் பிடித்தவர் பத்தொன்பது வருடமாக விடவில்லை.

வீட்டில் மட்டும் நாய் கூடாது. "பகலெல்லாம் அதுங்களோட கட்டிப் புரளுறேன். வீட்டுக்கு வந்தா மனுஷ வாடை வேணும்" என்பார். "என்மேல டீசல் வாடைதான் வரும், பரவாயில்லையா?" என்று கேட்பார் பஸ் ஓட்டும் கணவர்.

இந்த மூன்று தடவைப் பழக்கம் வந்தது ஆறு வருடங்களுக்கு முன். வெளிநாட்டில் வேலை கிடைத்த ஒரு தம்பதி, தங்கள் இரண்டு வெள்ளை நாய்களையும் சிப் போடக் கூட்டிவந்தார்கள். ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள், நான்கு வயது. வித்தியாசம் கழுத்துப் பட்டையில்தான். பெரியவனுக்குச் சிவப்பு, சின்னவனுக்கு நீலம். குணத்தில் மட்டும் எட்டாத தூரம். பெரியவன் ஊரையே உறவு கொண்டாடுவான். சின்னவன் ஆளைக் கண்டால் பெஞ்சுக்கு அடியில் பதுங்குவான்.

சிப் போடுவதற்குத் தோதாக இரண்டு பட்டைகளையும் சிஸ்டர்தான் கழற்றினார். பெரியவனை மேசையில் தூக்கிவைத்தார். டாக்டரம்மா ஊசி போட்டார். வழக்கம்போல் ஒரு பிஸ்கட் கொடுத்து இறக்கிவிட்டு, "அடுத்தவன் வா" என்று திரும்பினார். வாலை ஆட்டிக்கொண்டு காலடியில் ஒரு வெள்ளை நாய் தயாராக நின்றது. தூக்கினார். ஊசி, ரீடர், பீப், எண் சரி, பிஸ்கட். நாய்களின் சொந்தக்காரர்கள் அந்த நேரம் சாமான் கட்டுகிறவர்களோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு பட்டைகளை மாட்டிவிட்டு ரேபிஸ் தடுப்பூசி. அது ஆளுக்கு ஒன்றாகச் சரியாகத்தான் விழுந்தது.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சான்றிதழுக்காகக் கடைசிப் பரிசோதனை. சின்னவன்மேல் ரீடரை வைத்தால் சத்தமே இல்லை. சிப் சில சமயம் நகர்ந்துபோகும் என்று முழங்கை, வயிறு, விலா எல்லாம் தேடினார்கள். ம்ஹும். பெரியவன்மேல் வைத்தார்கள், பீப். ஒரு விரல்கடை தள்ளி வைத்தார்கள், மறுபடி பீப். எண் வேறு.

சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது பிஸ்கட்டுக்காக வந்து நின்றவன் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

சிரிக்கிற விஷயம்தான், சட்டம் மட்டும் இல்லாவிட்டால். அவர்கள் போகும் நாட்டில் முதலில் சிப், அப்புறம் தடுப்பூசி, அதற்கப்புறம் இருபத்தொரு நாள் காத்திருப்பு. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி போடாத ஊசிதான். பெரியவன் கிளம்பலாம், சான்றிதழில் இரண்டு எண்ணையும் எழுதினால் போதும். சின்னவன் நகர முடியாது. வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் தேதியும் நெருங்கிவிட்டது. அந்த அம்மா சின்னவனைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், இப்பவே ஒண்ணு போட்டுட்டு பழைய தேதிய எழுதிடலாமே. நாய் என்ன, வாயத் தொறந்து சொல்லவா போகுது?" என்றார் அவர் கணவர்.

டாக்டரம்மா உட்பட எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். பதிவேடு அவர் கையில் இருந்தது. ஒரு வரி எழுதினால் தன் தப்பும் சேர்ந்து மறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"எழுத மாட்டேன் சார். ஒரே நாயை ரெண்டு தடவை தூக்கினது நான். தப்பு என்னோடது. அங்க போய் எறங்கினப்புறம் ஒரு சந்தேகம் வந்தா அவனத்தான் கூண்டுல போட்டுத் திருப்பி அனுப்புவாங்க, உங்கள இல்ல."

"அப்ப இருபத்தொரு நாள் இவன எங்க விடுறது?"

"எங்க வீட்ல" என்றது சிஸ்டரின் வாய். மனசு அதன் பிறகுதான் வந்து சேர்ந்தது.

அன்றே சின்னவனுக்கு சிப்பும் ஊசியும் போட்டாயிற்று. சிப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் தொடர்புக்கு ஒரு போன் எண் கேட்டிருந்தது. தம்பதிக்கு அங்கே எண் கிடைத்திருக்கவில்லை. சிஸ்டர் தன் எண்ணை எழுதினார். "போனதும் மாத்திக்குங்க."

சிஸ்டரின் மூன்றாம் மாடி வீட்டில் சின்னவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். அண்ணன் இல்லாமல் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பயந்துபோனார் சிஸ்டர். மூன்றாம் நாள், பஸ்ஸிலிருந்து வந்த கணவர் தரையில் நீட்டிப் படுத்து, அன்றைக்குச் சில்லறைக்குச் சண்டை போட்ட பயணியின் கதையை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். பாதிக் கதையில் ஒரு மூக்கு வெளியே வந்தது. மீதிக் கதையில் ரொட்டித் துண்டு உள்ளே போனது. பத்தாம் நாள், சிஸ்டர் முதல் மாடி ஏறும்போதே மேலே கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"நாய் கூடாதுன்னு சொன்னவ யாரு?" என்றார் கணவர்.

"இது நாய் இல்ல, வேலை" என்றார் சிஸ்டர். கட்டிலில் பாதியை அந்த வேலைதான் அடைத்துக்கொண்டு கிடந்தது.

இருபத்தொரு நாள் முடிந்தது. விமான நிலையச் சரக்குப் பிரிவில் அதிகாரி ரீடரை வைத்ததும் பீப். அவர் காகிதத்தைத் தேடுவதற்குள் சிஸ்டர் பதினைந்து இலக்கங்களையும் ஒப்பித்துவிட்டார். கூண்டு உள்ளே போகும்வரை சின்னவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அழாமல் நின்ற சிஸ்டர், திரும்பி வரும் வழியெல்லாம் அழுதார். மறுநாள் ஒரு படம் வந்தது. ஒரே மெத்தையில் அண்ணனும் தம்பியும் மல்லாந்து கிடந்தார்கள். கூடவே அந்த அம்மாவின் குரல் செய்தி: "சிப் பதிவுல எங்க நம்பர முதல்ல போட்டுட்டோம் சிஸ்டர். உங்களோடத எடுக்கல. ரெண்டாவதா இருக்கட்டும்."

போன மாதம் கணவர் புதுப் போனும் புது இணைப்பும் வாங்கிவந்தார். போனை வாங்கிக்கொண்ட சிஸ்டர், எண்ணை மட்டும் மாற்ற மாட்டேன் என்றார்.

"சின்னவன் இருக்கிறது கடலுக்கு அந்தப் பக்கம். தொலைஞ்சாலும் முதல்ல அவங்களத்தான் கூப்பிடுவாங்க" என்றார் கணவர்.

"அவங்க எடுக்கலன்னா?"

சின்னவனுக்கு இப்போது பத்து வயது. அவனைப் பற்றி யாரும் தன்னைக் கூப்பிடும்படி ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே, தினமும் வேலைக்குக் கிளம்பும்போது போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார் சிஸ்டர்.