அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு

ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் மோகனப்ரியாவைப் பார்த்தால், "என்னம்மா, கிருமியெல்லாம் எண்ணி முடிச்சிட்டியா?" என்று யாராவது சீண்டாமல் விடமாட்டார்கள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. ரத்தத்தில் கிடக்கும் மரபணுக்களைப் படித்து, அதில் என்னென்ன கிருமிகள் குடியிருக்கின்றன என்று சொல்ல வேண்டும். தொல்லை என்னவென்றால், மனித மரபணுதான் மலைபோலக் கிடக்கும்; கிருமியுடையது அதனடியில் அமுங்கிவிடும். மனிதனுடையதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கும் வழியைத்தான் அவள் குழு சீர்செய்துகொண்டிருந்தது.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு சொந்த வெறியும் இருந்தது. அக்கா அம்சாவின் ஒரே மகள் தேவயானி, திருத்தணிக்குக் காவடிக் கூட்டம் போய்க்கொண்டிருந்த போன ஆடியில், காய்ச்சலில் செத்துப்போனாள். ஏழு வயது. மேலெல்லாம் சிவப்புப் புள்ளி வந்ததும் அம்மை வார்த்திருக்கிறது என்று அம்மையார்குப்பத்து வீட்டில் வேப்பிலை செருகினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடம்பு முழுக்கப் பூசினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது குழந்தைக்கு நினைவில்லை. எந்தப் பரிசோதனையிலும் காரணம் தெரியவில்லை. "ஆத்தா அவள கூட்டினு போயிட்டா" என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா மறுபடி தறிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த ரத்தத்தை, அக்காவின் சம்மதத்தோடு, மோகனப்ரியா புது முறையில் படித்தாள். உண்ணிக் காய்ச்சல். பாழாய்ப்போன ஒரு புதர்ப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்குக் கட்டும். அதைப் பார்த்துச் சீக்கிரம் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். அக்கா கேட்டால் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடுவதாகத்தான் அவள் ஊருக்கு வந்தாள்.

வந்த அன்று எதிர்வீட்டுக் குழந்தை கவிப்பிரியாவுக்குக் காய்ச்சல், மேலெல்லாம் புள்ளி. அக்காதான் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். மோகனப்ரியா ஈரத் துணியை எடுத்துப் பிள்ளையைத் துடைத்தாள். அக்குளில் கறுப்புப் பொருக்கு இருந்தது.

"இது அம்மையில்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

கவிப்பிரியா பிழைத்து வீடு வந்தாள். அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள்.

"தேவயானிக்கும் கம்கட்டுல அப்பிடியேதான் இருந்துச்சு. அவளுக்கும் இதானா?"

"ஆங்க்கா."

"எங்கயோ சூடு பட்டுகினான்னு நெனச்சேன். அது மேலயே அப்பினேன். அப்புறம் டாக்டரு கண்ணுல அது எங்க படறது?"

தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சவ. ஆத்தாதான் கூட்டினு போனான்னு ஒரு வாட்டி சொல்லேன் மோகனா."

மோகனப்ரியா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.