பெருவிரலைப் பிடித்தவர்

நம்புகிறவர்கள் நம்பலாம். இது 1985இல், மலேசியாவின் ஈப்போவில், பட்டப்பகலில் நடந்தது.

உலகத்தில் பேய் இல்லை என்று முறைப்படி நிரூபித்த முதல் மனிதன் தான்தான் என்பான், ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் வேலை பார்த்த உடையப்பன். "மனுசன் கழுத்துக்குள்ளயே பாத்தாச்சு லா. ரத்தம் ஓடுது, கொழுப்பு படியுது. உசிருன்னு தனியா ஒண்ணும் அங்க குந்திக்கிட்டு இல்ல." சிரிக்காமல் சொல்வான்.

ஆறு மாதத்துக்கொரு முறை காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மாயாண்டி ஸ்கேனுக்கு வருவார். மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து பாதி வழியை அடைத்திருந்தது. இன்னும் கூடினால் பக்கவாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி வீரம்மாவுக்கு ஒரே பயம். ஸ்கேன் முடியும்வரை கால்மாட்டில் நின்று, கணவரின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருப்பார். விட்டால் உயிர் அந்த வழியாக நழுவிவிடுமாம்.

"அக்கா, நான் பாக்குறது கழுத்து. நீங்க பிடிக்கிறது கால். நடுவுல அண்ணன் ரொம்ப நீளம் லா!"

வீரம்மா சிரிப்பார். விரலை விடமாட்டார்.

அந்த நவம்பரில் மாயாண்டி மட்டும் வந்து பேசாமல் படுத்தார். மணி மூன்று. உடையப்பன் விளக்கை அணைத்தான். கழுத்தில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தான். அடைப்பு இருந்த இடத்தில் ரத்தம் தாறுமாறாகச் சீறும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

உஷ்ஷ்... உஷ்... உஷ்ஷ்ஷ்...

சட்டென்று துடிப்பு சீரானது. நிமிர்ந்தான். திரை வெளிச்சத்தில், கால்மாட்டில் வீரம்மா, விரலைப் பிடித்தபடி.

"எப்பக்கா வந்தீங்க? கதவுச் சத்தமே கேக்கல."

சேலையெல்லாம் ஈரம். செம்மண். இரண்டு பாதங்களும் ஒட்டியிருந்தன. பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியில் ஒரு கட்டு.

"கால்ல என்னக்கா... புண்ணா?"

மாயாண்டி கண்ணைத் திறந்தார். "யாருகிட்ட தம்பி பேசுற?"

உஷ்ஷ்ஷ்...

கால்மாட்டில் யாருமில்லை.

தரையில் ஈரத் தடம். ஒன்றன்பின் ஒன்றாக இல்லை. ஜோடி ஜோடியாக... கதவுவரை.

உடையப்பன் விளக்கைப் போட்டான். "அண்ணே... அடைப்பு கூடல. அப்படியேதான் இருக்கு. அக்கா வரலையா?"

மாயாண்டி சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே அழுதார்.

"போன வாரம் போயிட்டா, தம்பி. அன்னிக்குப் பேய் மழை. குழியில தண்ணி ஏறுது, சீக்கிரம் சீக்கிரம்னு மூடிட்டாங்க. எறக்குறதுக்கு முன்னால நான்தான் கால் கட்டை அவுத்து விட்டிருக்கணும். மறந்துட்டேன்... கட்டுன காலோட எப்படிப் போவாளோன்னு தூக்கமே இல்ல."

உடையப்பன் கதவுவரை போன அந்த ஜோடித் தடத்தைப் பார்த்தான்.

மே மாதம் மாயாண்டி மறுபடி வந்து படுத்தார். உடையப்பன் கதவைச் சாத்தினான். கருவியைத் தொடவில்லை. கால்மாட்டுக்குப் போய், அவருடைய பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, வீரம்மா நின்ற இடத்திலேயே நின்றான்.