ஈரப்பெட்டி

எங்கள் சித்தப்பா மேடையில் வாசித்தது யாருக்கும் கேட்டதில்லை. அவர் பேஸ் கித்தார் வாசிப்பவர். பகலில் உப்பளத்தில் உப்பு வாருவார். திருவிழா வந்தால் மெல்லிசைக் குழுவில் கித்தாரை மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்பார். விரல் ஓடும், சத்தம் வராது. மைக் செட்டுக்காரர் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரில்தான் அவருடைய ஒயரும். பேஸைக் கூட்டினால் பாட்டு கரகரக்கிறது என்று அதை மட்டும் அடியோடு குறைத்து வைத்துவிடுவார்கள்.

“உங்க சித்தப்பா எதுக்குடி மேல நிக்கிறாரு, போட்டோவுக்கா?” என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். கேட்டவளை அடித்திருக்கிறேன். அதற்காக வெயிலில் முட்டி போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

குழுவை நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். கீபோர்டு வாசிப்பவர். அந்த வருஷம் அவர் சித்தப்பாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“ஆடி மாசம் கீழ்புத்துப்பட்டுல கச்சேரி இருக்குது. உனக்குன்னு தனியா ஆம்ப் கொண்டாந்தா மேடைக்கு வா. இல்லன்னா பேஸ நான் இடது கையிலயே போட்டுக்கறேன்.”

இடது கை! எட்டு வருஷமாகக் கூட நின்று வாசித்தவரைப் பார்த்து இடது கை என்கிறார். சித்தப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் பெட்டி அவரிடம் இருந்தது. பலகை அறுத்து அவரே செய்தது, உள்ளே பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர். கித்தார் சத்தத்தைச் சீர் செய்யும் சின்னப் பெட்டியும் இருந்தது. அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கித் தள்ளும் பவர் ஆம்ப்தான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார். நானும் போனேன். அவர் சாது. யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்று கூடவே போனேன்.

கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். இரண்டும் ஒரே அளவு. ஒன்று புதிது. முகத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடியது. 3000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இன்னொன்று யாரோ வைத்திருந்து விற்றது. கறுப்பு. ஓரமெல்லாம் சிராய்ப்பு. விளக்கு ஒன்றே ஒன்று. பின்பக்கம் சின்ன எழுத்தில் 300.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சித்தப்பா யோசித்தார்.

“மூவாயிரம் வாட்ஸ்ணே” என்றார் கடைக்காரர்.

“எவ்ளோ நேரத்துக்கு வரும்?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “கண்ண மூடித் தொறக்கற நேரத்துக்கு வரும்ணே.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு நூறு வரும். வாசிக்கறவரு நீங்க, உங்ககிட்ட என்னத்த மறைக்கறது.”

“இந்தப் பழசு?”

“அதுவா? முந்நூறுன்னா விடிய விடிய முந்நூறு.”

இன்றைக்குக் கடைக்குப் போனால் பத்தாயிரம் என்று எழுதிய பெட்டிகூட இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறார்கள். வாங்குகிறவர்களும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அன்றைக்கு நானும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா கறுப்புப் பெட்டியைத் திருப்பினார். அதில் ஃபேன் இல்லை. சூடு இறங்கப் பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரிப் பட்டைகள் இருந்தன. “இதான் நல்லது. ஃபேன் வெச்சது எங்க ஊரு உப்புக் காத்த உள்ள இழுத்துக்கும். ஆறு மாசத்துல உள்ள பச்சை பூத்துடும்” என்றார். வீட்டில் இருக்கும் நாலு ஓம் ஸ்பீக்கரைத் தாங்குமா என்று கேட்டார். பிறகு இரண்டையும் தூக்கிப் பார்த்தார். புதியதை ஒரு கையால் தூக்கிவிட்டார். கறுப்பை முட்டி மடக்கி, இரண்டு கையாலும் தூக்கினார். அதைக் கீழே வைக்கும்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்குப் பகீரென்றது. நான் உப்பளத்துப் பிள்ளை. ஒரே அளவில் இரண்டு மூட்டை இருந்தால் எது கனமோ அதுதான் ஈரம். காய்ந்த உப்பு லேசாக இருக்கும். கனத்தைப் பார்த்து வாங்குகிறவன் தண்ணீரை விலைக்கு வாங்குகிறான். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

“சித்தப்பா, வேணாம். கனமா இருக்குது. உள்ள ஈரம் ஏறியிருக்குது.”

“கனமாத்தாம்மா இருக்கணும். உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் அவ்ளோ பெருசு. பேஸுக்கு மூச்சு வேணும்ல?”

“மூவாயிரத்த வுட்டுட்டு முந்நூற வாங்கறியே!”

கடைக்காரர் என்னைப் பார்த்து மறுபடி சிரித்தார். எனக்கு உறுதியாகிவிட்டது. ஏமாற்றுகிறவன்தான் அப்படிச் சிரிப்பான்.

பஸ்ஸில் பெட்டி சித்தப்பாவின் மடியில் இருந்தது. அந்தக் கனத்தில் அவர் காலை நகர்த்தக்கூட முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூனிமேட்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, “என்னம்மா அது, டி.வி.யா?” என்று கேட்டார்.

“ஈரப்பெட்டி. எங்க சித்தப்பாவ ஏமாத்திட்டாங்க” என்றேன்.

அதோடு நான் நிறுத்தவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். மாஸ்டரின் பெண் என் வகுப்புதான். அவளிடம் இரண்டு தரம் சொன்னேன், அந்தக் கடைக்காரரின் லட்சணம் எல்லாருக்கும் தெரியட்டும் என்று. “தண்ணி பூந்த பெட்டிடி. கனம்னா அப்படிக் கனம்.”

புதன்கிழமை சாயங்காலம் மாஸ்டர் வந்தார். வண்டி இன்ஜினை அணைக்காமல் வாசலிலேயே நின்றார்.

“ஏம்பா, ஈரம் ஏறின பெட்டியாமே?”

“நல்ல பெட்டி மாஸ்டர். உள்ள வாங்க, போட்டுக் காட்டறேன்.”

“வேணாம்ப்பா. பாடற பொண்ணு மைக்க உதட்டுல வெச்சிக்கிட்டு நிக்குது. ஷாக் அடிச்சா எவன் பதில் சொல்றது?”

“கேட்டுட்டாவது போங்க மாஸ்டர். ஒரே நிமிஷம்.”

“ஊரே சொல்லுது. இதுல நான் கேக்க என்ன இருக்குது?”

போய்விட்டார். காதை வைத்துப் பிழைக்கிற மனிதர், காது கொடுக்காமலே போனார். அந்த ஆடிக்கு சித்தப்பா மேடையில் இல்லை. அடுத்த ஆடிக்கும் இல்லை. இடது கைதான் வாசித்தது. இன்றும் மாஸ்டரை வழியில் பார்த்தால் நான் முகம் கொடுப்பதில்லை.

அன்று மாஸ்டரின் வண்டிச் சத்தம் அடங்கியதும் அம்மா என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். “வுடுங்க அண்ணி” என்றார் சித்தப்பா. மாஸ்டரைத்தான் விடச் சொல்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய அநியாயத்தை இப்படி விடுவார்களா என்று எனக்கு அவர்மீதும் கோபம் வந்தது.

பிறகு அவர் ஒயரைச் சொருகினார். பெட்டியின் ஒற்றை விளக்கு எரிந்தது. தடித்த கம்பியை ஒரு தரம் தட்டினார்.

சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை. காலுக்கு வந்தது. தரை வழியாக ஏறி வயிற்றில் நின்றது. அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. குடத்துத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். அவர் வாசிக்க வாசிக்க வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. யாரையும் ஷாக் அடிக்கவில்லை. எட்டு வருஷமாக எந்த ஊர் மேடையிலும் கேட்காத வாசிப்பு எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

இந்தப் பெட்டியையா ஈரம் என்றார்கள்? எந்த வாய் சொன்னது? நான் சொன்னது கடைக்காரரைப் பற்றி. இவர்கள் சொன்னது சித்தப்பாவைப் பற்றி. இரண்டும் ஒன்றா? குழாயடிக்கு ஓடினேன். நான்கைந்து பேர் குடத்தோடு நின்றார்கள்.

“எங்க சித்தப்பா பெட்டிய ஈரம்னு மாஸ்டருகிட்ட எவ சொன்னது? இப்ப சொல்லணும்!”

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “வூட்டுக்குப் போய் கண்ணாடியப் பாருடி, தெரியும்” என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஓடி வந்ததில் தலை கலைந்து கிடந்தது. இதைச் சொல்லத்தான் அவ்வளவு பேச்சா என்று ஆத்திரமாக வந்தது. சீப்பை எடுத்து வாரி, ரிப்பனை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

சித்தப்பா ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். “எங்கம்மா கெளம்பிட்ட?” என்றார்.

“சண்டைக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனேன்.