ஒன்றாக்கு, வரிசையாக்கு, நிறுத்திவை

லினக்ஸைத் தமிழில் பார்த்தே தீருவது என்று நான் கிளம்பிய காலத்தில், ஹைதராபாத்தில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அதற்கான கம்ப்யூட்டர் வகுப்புக்கு அமீர்பேட் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாலாநகரில் மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. லோத்குண்டாவில் இரண்டு அறை வாடகை வீடு. அதில் உதிரிப் பாகங்களாக வாங்கி நானே பூட்டிய ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடியது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்; விண்டோஸை வீட்டுக்குள் விட்டதில்லை. ஊரே திருட்டு சிடியில் விண்டோஸ் போட்டுக்கொண்டிருந்தது, அது நின்றுபோனால் அதைச் செய்தவனையே திட்டிக்கொண்டும் இருந்தது. அவர்களிடம் எனக்கு இருந்த இளக்காரம் இன்றும் முழுதாகப் போகவில்லை.

"அரே பாய், உன் லினக்ஸ்ல பாட்டாவது கேக்குமா?" என்பார் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர். கேட்காது. சவுண்ட் கார்டோடு நான் ஒரு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்வேனா?

நான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து, அம்மா வீட்டில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு நான் லினக்ஸைத் தமிழாக்கும் குழுவில் சேர்ந்தது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். மின்னஞ்சலிலேயே நடந்த குழு அது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பங்கு பிரித்துக் கோப்புகள் வரும். மேலே ஒரு இங்கிலீஷ் வரி, கீழே ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரியை நிரப்ப வேண்டும். நான் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, படித்தால் பல் உடைகிற மாதிரி நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. அவளுக்குத் திண்டிவனம் பக்கம். பி.காம்., முழுக்கத் தமிழ் வழி. லோத்குண்டாவில் அவளுக்குப் பேச ஆளில்லை. தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது, ஹைதராபாத் உருது கலந்து நான் பேசுவதைத் தமிழ் என்று ஒப்புக்கொள்ளவும் அவளுக்கு மனமில்லை.

"சோறு போதுமான்னு கேட்டா நக்கோங்கறீங்க. வேணுமான்னு கேட்டா ஹவ்ங்கறீங்க. இதுல கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லித் தர்றீங்களாக்கும்."

ஒருநாள் நான் எழுதியதைத் திரையில் எட்டிப் பார்த்தாள். பொத்தானில் 'இரத்துச் செய்க' என்று போட்டிருந்தேன்.

"இது எதுக்கு?"

"ஒன்னு செய்யப் போறே, வேணாம்னு தோணுது. அப்ப இதை அமுக்கணும்."

"அதுக்கு 'விடு'ன்னா போதாதா?"

போதும்தான். குழுவில் இரண்டு பேர் முறுக்கிக்கொண்டார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வேலை ஆகிவிட்டது. அவள் காய் நறுக்குவாள், நான் கோப்பை விரிப்பேன். இங்கிலீஷ் சொல்லை மட்டும் அவளிடம் சொல்லவே மாட்டேன். சொன்னால் அதையொட்டியே யோசிப்பாள், என்னைப்போல விறைத்த தமிழ் வந்துவிடும் என்று எண்ணம். என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்வேன். "ரெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துல இருக்கு, நடுக்கோட்டை எடுத்துட்டு ஒரே கட்டமா ஆக்கணும்." அவள் கத்தரிக்காயிலிருந்து தலை நிமிராமல் "ஒன்றாக்கு" என்பாள். பேர்களை அ, ஆ என்று அடுக்குவது 'வரிசையாக்கு'. அட்டவணை கீழே ஓடும்போது தலைப்பு வரி மட்டும் நகராமல் மேலேயே நிற்பது 'நிறுத்திவை'. அவள் சொல்லச் சொல்ல நான் அடித்து அனுப்புவேன். சில மாதங்களில் அந்தச் சொற்கள் எல்லாம் எங்கள் திரையிலேயே வந்து உட்கார்ந்தன. கல்யாணமான புதிதில் நாங்கள் சந்தோஷமாக இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

அந்தக் கம்ப்யூட்டரை அவள் என்னைவிட நன்றாகவே கற்றுக்கொண்டாள். கோடையில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் டேங்கர் வரும். எந்த வீட்டுக்கு எந்த நாள் முறை என்று அட்டவணை போட்டது அவள்தான். யாராவது ஊருக்குப் போனால் ஒரு கட்டத்தை மாற்றுவாள், மொத்த முறையும் தானாக மாறிக்கொள்ளும். வீடுகளுக்குக் கொடுக்க மட்டும் இங்கிலீஷில் கையால் எழுதிக் கொடுப்பாள். தமிழ் படிக்க எங்களைத் தவிர அங்கே ஆளில்லை.

இப்படியே மூன்று வருடம். குழந்தை இல்லை, பேச ஆளில்லை. வேலைக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னபோது முகத்தில் ஒரு கெஞ்சல் தெரிந்தது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றாள். பாலாநகரில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஆபீஸுக்கு ஆள் தேடினார்கள். பி.காம். போதும், கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் டீ சொல்லிவிட்டு நின்றேன். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்.

"'சிஸ்டம் வச்சா அம்மா'ன்னு தெலுங்குல கேட்டாரு, கம்ப்யூட்டர் வருமான்னுதான். வரும்னேன். விண்டோஸ் மிஷின்ல உக்கார வச்சாரு. மெர்ஜ் பண்ணுங்க, சார்ட் பண்ணுங்க, ஃப்ரீஸ் பண்ணுங்கன்னாரு. எனக்கு ஒன்னும் ஓடல. அங்க வேலை செய்யற ஒரு பொண்ணு வந்து செஞ்சு காட்டிச்சு. எல்லாம் நான் தினம் செய்யறதுதாங்க. வேலை தெரியும். பேருதான் தெரியல."

லோத்குண்டாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பி.காம். பெண்ணை, இந்த ஊரில் எந்த ஆபீஸிலும் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி ஆக்கி வைத்திருந்தேன். அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "உங்க மேல என்ன இருக்கு, எனக்கும்தான் பிடிச்சிருந்துது" என்று அந்தப் பழியையும் பங்கு போட்டுக்கொண்டாள்.

அமீர்பேட்டில் ஒரு வகுப்பில் சேர்த்தேன். இரண்டு பஸ் மாறிப் போனாள். தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து ஓட்டமாகச் சொல்லித்தருவார்கள். ஒரு மிஷினுக்கு இரண்டு பேர், மவுஸ் எப்போதும் பக்கத்து ஹாஸ்டல் பெண்ணின் கையில். வீட்டில் பழகட்டும் என்று நானே ஆபீஸில் ஒரு சிடி கேட்டு வாங்கிவந்து விண்டோஸ் போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்காமல் கொடுத்தார். அவர் சிரித்திருக்கலாம். அவள் அந்தப் புதுத் திரையின்முன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது யாரு வீடோ மாதிரி இருக்குங்க" என்று எழுந்துவிட்டாள். அந்த மாதமே மசக்கை. பஸ் ஏற முடியவில்லை, வகுப்பு நின்றது. பிறகு மகள் பிறந்தாள். வேலையைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை, கம்ப்யூட்டரையும் தொடவில்லை. தெலுங்கை மட்டும் காய்கறி வண்டிக்காரர்களிடம் கற்றுக்கொண்டாள்.

குழுவும் மெல்லத் தூர்ந்தது. ஒருவருக்கு வேலை மாற்றம், ஒருவருக்கு வெறுப்பு. நாங்கள் செய்ததை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருமுறை மடலில் கேட்டேன். யாரும் பதில் எழுதவில்லை.

மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அந்த விண்டோஸை வைரஸ் தின்று தீர்த்தது. நான் பழைய வீம்பில் மறுபடி லினக்ஸைப் போட்டேன், தமிழிலேயே போட்டேன். 'விடு' அப்படியே இருந்தது. அடுப்படியிலிருந்த அவளைக் கூப்பிட்டேன். அவளுக்கு முன்னால் மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, யே க்யா லிகா ஹை?" என்று திரையில் எழுதியிருந்ததைக் காட்டிக் கேட்டாள்.

"தமிழ்டி."

"முஜே நை ஆதா." தனக்கு அது வராதாம்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். "இங்கிலீஷுக்கு மாத்திடுங்க. அவளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் இருக்கு."

நான் அசையவில்லை. அந்த 'விடு'வைப் பார்த்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு தொடுகிறாள், எங்கே என்று ஓரிடத்தில்கூடத் தேடவில்லை. அமைப்பு, மொழி, ஆங்கிலம். அவள் சொல்லி நான் அடித்த சொற்கள்தானே. கடைசியில் 'மாற்றலாமா?' என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள், 'சரி', 'விடு'.

அவள் 'சரி'யை அழுத்தினாள். மகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.