தாழ்வுபாட்டுத் தொட்டிக்கு எந்த அழுத்த உணரி?

மன்னாருக்கு எல்லோரும் ஊர் பார்க்கப் போவார்கள். நான் ஆனி மாதம் போனது ஒரு தொட்டிக்கு அழுத்த உணரி தெரிவுசெய்ய. சிரிக்காதீர்கள், எனக்கு முதல்நாள் நித்திரையே வரவில்லை!

யாழ்ப்பாணத்தில் காலை பஸ் ஏறினால் பூநகரி வழியாக ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். மன்னார்ப் பாலத்தில் சோளகக் காற்று தலைமயிரைப் பிய்க்கும். அங்கிருந்து தாழ்வுபாட்டுக்கு ஆட்டோ.

அங்கே ஜெசிந்தா அக்கா தொட்டியில் கடலட்டைக் குஞ்சு வளர்க்கிறவர். போன முறை ஒரு விடியற்காலை தொட்டியில் பாதித் தண்ணீர் ஒழுகி, சுவரில் ஒட்டியிருந்த குஞ்சுகள் காய்ந்துவிட்டன. அடியில் கிடந்த உணரியோ தண்ணீர் போதுமென்றே காட்டியதாம். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. நான் போன அன்று பின்னேரமே புதுக் குஞ்சுகள் வரவிருந்தன.

"இதுகளும் செத்தா, எல்லாத்தையும் விட்டிட்டு வீட்டில இருக்க வேண்டியதுதான், தங்கச்சி."

உணரியில் ஒரு பழுதும் இல்லை. அதன் வயருக்குள் ஒரு மெல்லிய குழாய் ஓடும். வெளிக்காற்று அதனூடே போய்வந்தால்தான் தண்ணீரின் அழுத்தத்தை மட்டும் பிரித்துக் காட்டும். கூரைத் தகரத்தில் கிடந்த அதன் நுனியைப் பார்த்தால் மெழுகு, அதன்மேல் சைக்கிள் ரியூப் சுற்று!

"ஆர் இதை அடைச்சது?"

"நான்தான்," என்றார் அக்காவின் கணவர் அந்தோனி அண்ணன், பெருமையாக. "கடல் காத்துக்கு ஓட்டையைத் திறந்து விடேலுமே? மீன்பிடிக்கிற போட்டில எல்லா வயரையும் இப்பிடித்தான் அடைக்கிறனாங்கள்."

துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அடைபட்ட காற்று வெயிலில் சூடாகும், இரவில் குளிரும். குளிரும்போது அதன் எதிர்த்தள்ளல் குறைந்து, இல்லாத தண்ணீரையும் உணரி இருப்பதாகக் காட்டிவிடும்.

மெழுகை எடுத்துவிடலாம். ஆனால் உப்பு ஈரம் உள்ளே போகும் என்ற அண்ணனின் பயமும் நியாயம்தான். ஆகவே கையோடு கொண்டுபோனவற்றில் குழாயே இல்லாத, உப்பு அரிக்காத டைட்டேனியம் உடல் கொண்ட இரண்டு உணரிகளைப் பொருத்தினேன். ஒன்று தண்ணீருக்குள், மற்றது காற்றின் அழுத்தத்தை மட்டும் அளக்க வெளியே நிழலில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீர் மட்டம்.

"இதையும் அடைக்கலாமோ?"

"வயரை விருப்பம்போல அடையுங்கோ அண்ணை. அழுத்தம் படுற முகத்தை மட்டும் விடுங்கோ!"

அக்கா தொட்டித் தண்ணீரை வெளியே திறந்துவிட்டார். மட்டம் இறங்க, மணி அலறியது. "இன்னொருக்கா அடிக்க விடுங்கோ," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

உணரி வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எவ்வளவு ஆழம், எந்தத் தண்ணீர் என்று கேட்பதோடு, அதை ஆர் பராமரிக்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். திரும்பும் பஸ் நேரத்தையும் முதலே விசாரியுங்கள். நான் குஞ்சுகள் இறங்குவதைப் பார்த்துநின்று கடைசி பஸ்சை விட்டுவிட்டு, அங்கேயே தங்கினேன்.

விடிய எழுந்தபோது அக்கா தொட்டியடியில் குனிந்து நின்றார். சுவர் முழுக்கக் குஞ்சுகள், எல்லாம் தண்ணீருக்குள்.

"மணி அடிக்கேல்லையே அக்கா, ஏன் எழும்பினீங்கள்?"

"அண்டைக்கும் அடிக்கேல்லைத்தானே, தங்கச்சி."