திரையில் எரிந்த மெழுகுவர்த்தி

பிள்ளைகளின் நுரையீரலை அளக்கிற தொழிலில் கருவி பொய் சொல்லாது, பிள்ளையும் பொய் சொல்லாது. நடுவில் உட்கார்ந்து தப்பாகப் புரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம். ஒரு மூடி மருந்து புகட்ட வீடு முழுக்கப் பிள்ளையைத் துரத்தியவர்களுக்கு என் பாடு புரியும். நான் தேனியில் ஒரு மருத்துவமனையில் பிள்ளைகளை ஊதச் சொல்கிறவள். மூச்சை நிறைய இழுத்து, குழாயில் ஒரே மூச்சாகப் பலமாக ஊத வேண்டும். ஊதினால் கணினித் திரையில் எரியும் மெழுகுவர்த்தி அணையும். அவ்வளவுதான் பரீட்சை.

போலீஸ் குழாய்

ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் ஐந்து வயது மகனைக் கூட்டிவந்தார். குழாயைப் பார்த்ததும் பையன் மேசைக்கடியில் புகுந்துகொண்டான். நானும் புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்து போய் ஊதிக் காட்டினேன். அவன் மசியவில்லை. அழுகைக்கு நடுவே காரணத்தைச் சொன்னான்: "ரோட்டுல எங்கப்பா ஊதுனதுக்கு வண்டியப் புடுங்கிட்டாக. நான் ஊதுனா என்னைய வச்சுக்கிருவீக."

ஒத்துழைக்கவில்லை

செல்விக்கு ஆறு வயது. மேகமலை ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து அம்மா தங்கம் கூட்டிவந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை வேறு. செல்விக்கு ஓயாத இருமல், இரைப்பு. மருந்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு நான் எடுக்கும் அளவு வேண்டும்.

செல்வி அழவில்லை. மூச்சை அழகாக இழுத்தாள். விடும்போது மட்டும் சூடான கஞ்சியை ஆற்றுவதுபோல மெல்ல விட்டாள். ஆறு தடவையும் அப்படியே. வெளியே கூட்டம். எனக்குக் கடுப்பு. 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் பழைய மருந்தையே தொடரச் சொன்னார். தங்கம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவ பிடிவாதக்காரி இல்ல சிஸ்டர். சொன்ன சொல்லத் தட்டாத பிள்ள."

மறுபடியும் செல்வி

பத்தாம் நாள் எஸ்டேட் ஜீப்பில் செல்வியைத் தூக்கிவந்தார்கள். உதடு வெளுத்து, விலா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நான் எழுதிய அந்த ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

பிழைத்துக்கொண்டாள். நாலு நாள் கழித்து மறுபடி என் முன்னால் உட்கார்ந்தாள். இந்தத் தடவை குழாயைக் கீழே வைத்துவிட்டு, ஏன் பலமாக ஊத மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். திரையில் எரிந்த மெழுகுவர்த்தியைக் காட்டினாள். விளக்கை வாயால் ஊதி அணைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா சொல்லியிருக்கிறாளாம். தங்கம் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

படத்தை மாற்றி பலூன் வைத்தேன். செல்வி உயிரைக் கொடுத்து ஊதினாள். பலூன் பாதிகூட எழும்பவில்லை. மூன்று தடவையும் அதே அளவு. நான் பயந்ததைவிட மோசம். டாக்டர் அன்றே மருந்தை மாற்றினார். மூச்சு வாங்க வாங்க செல்வி தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்: "இப்பிடி ஊதுனதுனால தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அன்றிலிருந்து 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதக் கை போனால், அந்த வார்த்தைக்கு முன்னால் பிள்ளையின் பெயருக்குப் பதில் என் பெயரைப் போட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொள்கிறேன், பெரும்பாலும் பொருந்திவிடுகிறது.